ஃப்ளைட்ல இருந்து இறக்கி விட்டா எம்புட்டு நஷ்டஈடு, லேட்டா போய்ச் சேர்ந்த கல்யாணத்துல எக்ஸ்போஷர (படத்துல எம்புட்டு வெளிச்சம் விழணும்ங்கிறத) எப்படி வெரசா செட் பண்றது?

கேள்வி கேட்ட தம்பி திருமங்கலம் பக்கம், கல்யாண போட்டோ எடுக்குறவர். அவர் எழுதுனத சுருக்கமா சொல்லிர்றேன். சென்னையில ஒரு ஆர்டர், மொத நாள் ராத்திரி ரிசப்ஷன், மறுநாள் காலையில முகூர்த்தம். மதுரை ஏர்போர்ட்ல சாயங்கால ஃப்ளைட்ல ஏறி சீட்ல உட்கார்ந்தப்புறம் "ஆபரேஷனல் ரீசன்"னு சொல்லி இவரையும் இன்னும் சில பேரையும் எறக்கிட்டு, கையில ஒரு சாப்பாட்டு கூப்பன குடுத்து மறுநாள் மொத ஃப்ளைட்ல அனுப்பியிருக்காய்ங்க. ரிசப்ஷன் போச்சு, அதுக்கான காச பார்ட்டி பிடிச்சுக்கிட்டாங்க. அடிச்சுப் பிடிச்சு மண்டபத்துக்குப் போறப்ப முகூர்த்தத்துக்கு பத்து நிமிஷம்தான் இருந்திருக்கு, எடுத்த படத்துல பாதி இருட்டு, பாதியில மாப்பிள்ளை வேட்டி வெள்ளையா வெந்துபோய் மடிப்பே தெரியல. நஷ்டஈடு கிடைக்குமா, இப்படி அவசரத்துல செட்டிங் எப்படி வைக்கிறது, ரெண்டு கேள்வி.

நானும் இதே தொழில்தான் தம்பி, படிச்சதும் மனசு பொறுக்கல, அதனால நீளமாவே எழுதுறேன்.

மொதல்ல காசு விஷயம். சாப்பாட்டு கூப்பனோட உங்க கணக்கு முடியல. விமானப் போக்குவரத்த கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏ போட்ட சிவில் ஏவியேஷன் ரிக்வயர்மென்ட், செக்ஷன் 3, சீரிஸ் எம், பார்ட் 4னு ஒரு விதி இருக்கு, 2010ல வந்தது, 2016 ஆகஸ்ட்ல தொகைய ஏத்துனாங்க. கன்ஃபர்ம் டிக்கெட் வச்சு நேரத்துக்கு ரிப்போர்ட் பண்ணுன ஆளுங்க சீட்ட விட அதிகமா இருந்தா, ஏர்லைன் மொதல்ல "யாராச்சும் விருப்பப்பட்டு விட்டுக் குடுக்குறீங்களா"ன்னு கேக்கணும். யாரும் வரலைன்னாதான் ஆளத் தேர்ந்தெடுத்து நிறுத்தலாம், நிறுத்துனா காசு குடுக்கணும். உங்க ஃப்ளைட் கிளம்ப வேண்டிய நேரத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள கிளம்புற வேற ஃப்ளைட்ல ஏத்திட்டா ஒண்ணும் கிடையாது. 24 மணி நேரத்துக்குள்ளன்னா ஒரு வழி பேசிக் ஃபேரும் ஃபியூயல் சார்ஜும் சேர்த்து வர்றதுல 200 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபா. 24 மணி நேரத்தையும் தாண்டுனா 400 சதவீதம், உச்சவரம்பு 20,000. "உங்க ஃப்ளைட்டே வேணாம்"னு சொல்லிட்டு வந்துட்டா டிக்கெட் காசு முழுசும் திரும்ப வரணும், அதுக்கு மேல 400 சதவீதம், அதே 20,000 வரம்புக்குள்ள.

நீங்க சாயங்காலத்துல இருந்து மறுநாள் காலை, அப்ப 200 சதவீதம். உதாரணத்துக்கு பேசிக் ஃபேர் 3,000, ஃபியூயல் சார்ஜ் 500னு வைங்க, 7,000 வரணும். கடைசி நேரத்துல புக் பண்ணி பேசிக்கே 6,000 ஆயிருந்தா கணக்குப்படி 12,000, ஆனா 10,000ல நின்னுரும். கார்டுல எடுத்த மொத்தத் தொகைய வச்சு கணக்கு போடாதீங்க, வரி, ஏர்போர்ட் ஃபீஸ் எல்லாம் இதுல வராது, இன்வாய்ஸ்ல தனித்தனியா போட்டிருப்பாங்க, அதப் பாருங்க. இன்னொண்ணு, காசுக்குப் பதிலா டிராவல் வவுச்சர் குடுக்கணும்னா நீங்க கையெழுத்துப் போட்டு சம்மதிக்கணும். கவுன்ட்டர்ல "இதுல ஒரு சைன் போடுங்க சார்"னு நீட்டுனா படிச்சுட்டுப் போடுங்க.

இப்ப அந்த "ஆபரேஷனல் ரீசன்"ங்கிற வார்த்தைக்கு வருவோம். எனக்குக் கோவம் வர்றது இங்கதான். அது ஒரு காரணமே கிடையாது, எதை வேணா அதுக்குள்ள போட்டு மூடிரலாம். மழை, ஏடிசி (விமானங்களுக்கு வழி சொல்ற கன்ட்ரோல் டவர்), செக்யூரிட்டி மாதிரி ஏர்லைன் கையில இல்லாத விஷயத்தால ஃப்ளைட்டே கேன்சல் ஆனா நஷ்டஈடு கிடையாதுன்னு இதே விதியில இருக்கு. பயணி தகராறு பண்ணி எறக்குனாலும் கிடையாது, அதுக்குத் தனி விதி, பறக்கவே தடை போடுவாங்க. ஆனா ஃப்ளைட் கிளம்பிப் போயிருக்கு, உங்க சீட்ல வேற ஆள் உட்கார்ந்து போயிருக்காருன்னா அது சீட் பத்தாம உங்கள விட்டுட்டுப் போனதுதான், ஏறி உட்கார்ந்தப்புறம் எழுப்புனதால உங்க உரிமை குறைஞ்சிராது. நம்மூர் ரூட்ல ஓடுற ஏடிஆர்ங்கிற சின்ன விமானத்துல "வெயிட் லிமிட்"னும் சொல்லுவாங்க. எதுவா இருந்தாலும் ஏர்லைனுக்கு மெயில் போட்டு, "என்ன காரணத்துக்காக, எந்த விதிப்படி என்னைய எறக்குனீங்க, எழுத்துல குடுங்க"ன்னு கேளுங்க. இத மொத வேலையா செய்யுங்க.

2017 ஏப்ரல்ல அமெரிக்காவுல யுனைடெட் விமானத்துல டேவிட் டாவ்ங்கிற டாக்டர தரதரன்னு இழுத்துட்டுப் போனது ஞாபகம் இருக்கும். சிகாகோவுல இருந்து லூயிவில் போற ஃப்ளைட், நாலு ஸ்டாஃப ஏத்துறதுக்காக உட்கார்ந்திருந்தவங்கள எழுப்புனாங்க. அதுக்கப்புறம் அங்க சட்டமே மாறுச்சு, ஏறுனவங்கள ஓவர்புக்கிங்னு (சீட்ட விட அதிகமா டிக்கெட் வித்துட்டோம்னு) சொல்லி எறக்கக் கூடாதுன்னு. நம்ம ஊர்லயும் 2022 ஜூன்ல, டிக்கெட் இருந்தவங்கள ஏத்தாம விட்டு நஷ்டஈடும் குடுக்கலைன்னு ஏர் இந்தியாவுக்கு டிஜிசிஏ 10 லட்சம் அபராதம் போட்டுச்சு. அதனால "கேட்டு என்ன ஆகப் போகுது"ன்னு விட்டுராதீங்க தம்பி.

ஆதாரம். போர்டிங் பாஸ் ரெண்டும், கூப்பன், எஸ்எம்எஸ், எல்லாத்தையும் எடுத்து வைங்க. ஏர்போர்ட்ல டிஸ்ப்ளே போர்ட படம் எடுத்திருந்தா ரொம்ப நல்லது, ஆனா நெறைய பேர் எடுக்குற படத்துல போர்டு வெறும் வெள்ளைக் கட்டமாத்தான் இருக்கும். சுத்தி இருட்டு, நடுவுல பளிச்சுன்னு ஒரு ஸ்கிரீன், ஃபோன் இருட்டுக்கு ஏத்த மாதிரி வெளிச்சத்த ஏத்திரும். போர்டு மேல விரல வச்சு, பக்கத்துல வர்ற சூரியன் படத்த கீழ இழுங்க, ஃப்ளைட் நம்பர், நேரம் எல்லாம் தெளிவா வரும், சுத்தி கருப்பானா ஆகட்டும். அப்புறம் அந்த ஒரிஜினல் ஃபைல அப்படியே வைங்க. எந்த நேரத்துக்கு எடுத்ததுன்னு ஃபைலுக்குள்ள தானா பதிவாகுற எக்ஸிஃப் தகவல்ல இருக்கும், வாட்ஸ்அப்ல சாதாரணமா போட்டோவா அனுப்புனா அது அழிஞ்சிரும், டாக்குமென்ட்டா அனுப்பணும். உங்க கேமராவுல கடிகாரம் சரியா வச்சிருந்தா மண்டபத்துல எடுத்த மொத படமே நீங்க எத்தன மணிக்குப் போய்ச் சேர்ந்தீங்கன்னு சொல்லும்.

ஏர்லைன்ல புகார கவனிக்கிற நோடல் ஆபீசருக்கு மெயில், பதில் சரியில்லைன்னா விமானப் பயணிகள் புகாருக்கான அரசு தளம் ஏர்சேவாவுல புகார், 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் பதிஞ்சிருங்க. விதிப்படி உள்ள தொகை பெரும்பாலும் இதுலயே வந்துரும். ரிசப்ஷன் ஆர்டர் காசு போனது, மன உளைச்சல், இதெல்லாம் அந்த விதியில வராது, அதுக்கு நுகர்வோர் கமிஷன்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேணாம், மதுரை மாவட்ட கமிஷன் போதும். நடந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், உங்க டிக்கெட் மாதிரி தொகைக்கு ஃபீஸ் கிடையாது, ஆன்லைன்லயும் போடலாம். ஒரு விஷயம் மட்டும் கவனம், "இவரு வியாபாரத்துக்காகப் பறந்தாரு, நுகர்வோரே இல்ல"ன்னு எதிர்த்தரப்பு வாதம் வைக்க வாய்ப்பு இருக்கு. சொந்த உழைப்புல பிழைப்புக்காகச் செய்ற தொழில்னு மனுவுல தெளிவா வரணும், இந்த இடத்துக்கு மட்டுமாவது ஒரு வக்கீல்கிட்ட காட்டிருங்க. பார்ட்டியோட போட்ட அக்ரிமென்ட், அட்வான்ஸ் வந்த ஜிபே ரசீது, காச பிடிச்சுக்கிட்டோம்னு அவங்க அனுப்புன மெசேஜ், இது மூணும் இல்லாம வெறும் வாயில நஷ்டம்னு சொன்னா நிக்காது.

இனி எக்ஸ்போஷர். நீங்க ஏ மோடுல (அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்த நாம வைப்போம், ஷட்டர் நேரத்த கேமராவே வைக்கும்), ஆட்டோ ஐஎஸ்ஓல (வெளிச்சத்த எம்புட்டு தூக்கிக் காட்டணும்ங்கிறதயும் கேமராவே முடிவு பண்ணும்) எடுத்ததா போட்டிருக்கீங்க. கேமராவுக்குள்ள வெளிச்சத்த அளக்குற மீட்டருக்கு எது வேட்டி எது மூஞ்சின்னு தெரியாது, எல்லாத்தையும் நடுத்தர சாம்பல் நிறத்துக்குக் கொண்டு வரப் பாக்கும். மேடைக்குப் பின்னாடி எல்இடி வால் பளிச்சுன்னு எரியுறப்ப அகலமா எடுத்தா "அடேயப்பா இம்புட்டு வெளிச்சம்"னு குறைச்சிரும், பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சி கருத்துரும். அப்படியே ஜூம் பண்ணி, பின்னாடி மெரூன் திரையும் கருப்பு கோட் போட்ட சொந்தக்காரரும் வர்ற மாதிரி எடுத்தா ஏத்திரும், வேட்டி வெந்துரும். மேடை லைட் மாறவே இல்ல, நீங்க ஃப்ரேம மாத்துனதுக்கே எக்ஸ்போஷர் மாறியிருக்கு. அதனால மண்டபத்துக்குள்ள, எல்லாத்தையும் நாமளே வைக்கிற மேனுவல் தவிர எனக்கு வேற எதுலயும் நம்பிக்கை கிடையாது.

பத்து நிமிஷம்தான் இருக்குன்னா இப்படிச் செய்ங்க. ஷட்டர் 1/100 செகண்டு, அப்பர்ச்சர் எஃப் 2.8. ஏன் 1/100ன்னா நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி லைட்டெல்லாம் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், 1/100லயோ 1/50லயோ வச்சா படத்துல பட்டை பட்டையா கோடு விழாது. அப்புறம் மேடையில ஹோமத்துக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஐயரோட வேட்டிய ஒரு படம் எடுங்க, மாப்பிள்ளை உட்காரப் போற அதே லைட்லதான் அவர் இருக்காரு. கேமராவுல ஹைலைட் அலர்ட் ஆன்ல இருந்தா வெள்ளையா எரிஞ்சுபோன இடம் ஸ்கிரீன்ல மினுக்கும். ஐஎஸ்ஓவ ஏத்திக்கிட்டே போங்க, வேட்டி மடிப்புல மினுக்க ஆரம்பிச்ச உடனே மூணுல ஒரு பங்கு ஸ்டாப் இறக்குங்க (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்காகுறது, இல்ல பாதியாகுறது). முடிஞ்சது. வேட்டி பிழைச்சா மூஞ்சி தானா சரியான இடத்துல உட்காரும், மாநிற முகமோ கருத்த முகமோ கொஞ்சம் தூக்கணும்னாலும், கேமரா பிடிச்சத அப்படியே வச்சிருக்கிற ரா ஃபைல்ல தூக்கிக்கலாம். முழுசா வெந்துபோன வெள்ளைய மட்டும் யாராலயும் கொண்டு வர முடியாது.

அந்த ஐஎஸ்ஓ நம்பர் 1600 வரலாம், 3200 வரலாம், பயப்படாதீங்க. இருட்டா எடுத்துட்டு வீட்ல வந்து தூக்குறப்ப வர்ற கிரெயின், 6400லயே நேரா எடுத்ததுல வர்றத விட அசிங்கமா இருக்கும். தாலி கட்டுறப்ப கை ஓடும், 1/200 வேணும், ஐஎஸ்ஓ ரெண்டு மடங்கு ஆகும், கோடு விழுந்தா கேமராவுல ஆன்டி ஃப்ளிக்கர் (லைட் மினுக்குறத சமாளிக்கிற செட்டிங்) ஆன் பண்ணிக்கோங்க. அட்சதை காத்துல நிக்கணும்னா 1/500, 1/100ல 1600ன்னு இருந்தா இங்க 8000 ஆயிரும், அதுக்கு ஃப்ளாஷ் போடுறது மேல். ஃப்ளாஷ மேல திருப்பி அடிக்கிறப்ப சீலிங்ல ரோஸ் துணி கட்டியிருக்கான்னு பாருங்க, கட்டியிருந்தா எல்லார் மூஞ்சியும் ரோஸாயிரும். குடும்பம் ரெண்டு வரிசையா நின்னா எஃப் 4க்குப் போங்க, இல்லைன்னா பின்வரிசை மாமா அவுட் ஆஃப் ஃபோக்கஸ்.

இதையெல்லாம் விட முக்கியம், வீடியோக்காரர்கிட்ட மொதல்லயே பேசுறது. "அண்ணே, தாலி முடியிற வரைக்கும் லைட்ட இதே பவர்ல வைங்கண்ணே"ன்னு ஒரு வார்த்தை. அவரு லைட்ட அணைச்சுட்டா ரெண்டு ஸ்டாப் அடிபடும், உங்க மேனுவல் அத்தனையும் வீண்.

பழகுறதுக்கு நம்ம திருமலை நாயக்கர் மகால் நல்ல இடம். அந்த வெளிர் தூணுக்குப் பக்கத்துல கருப்புச் சட்டை போட்ட ஃப்ரெண்ட நிறுத்தி, கிட்டயும் தூரமுமா எடுத்துப் பாருங்க, மீட்டர் எப்படித் தடுமாறுதுன்னு கண்ணால தெரியும். சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல எறங்குறத எடுக்குறது மட்டும் வேற கணக்கு, விடியல் வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறும், அங்க முழு மேனுவல் ஒத்துவராது. ஷட்டரும் அப்பர்ச்சரும் நம்ம கையில, ஐஎஸ்ஓ ஆட்டோ, தங்கக் குதிரை மினுமினுப்பு எரியாம இருக்க எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா போடுற கணக்க நாம கூட்டிக் குறைக்கிறது) மைனஸ் 2/3 ஸ்டாப், நான் அப்படித்தான் எடுக்குறேன்.

அடுத்த தடவ ஃப்ளைட்ல போறப்ப கேமரா பாடி, லென்ஸ், கார்டு எல்லாம் கேபின் பேக்லயே இருக்கட்டும். ஸ்பேர் பேட்டரிய செக்கின்ல போடக் கூடாது, ஏடிஆர்ல மேல சாமான் வைக்கிற இடம் சின்னது, வாசல்லயே பேக்க வாங்கிக் கீழ போட்டா பேட்டரிய எல்லாம் மறக்காம எடுத்துக் கையில வைங்க.

இப்ப கையில இருக்கிற படம். ராவுல எடுத்திருந்தா வேட்டி ஒரு ஸ்டாப் வரைக்கும் மீண்டு வரும், சில பாடியில அதுக்கு மேலயும் வரும், ஹைலைட் ஸ்லைடர முழுசா இறக்கிட்டு எக்ஸ்போஷரயும் கொஞ்சம் இறக்கிப் பாருங்க. ஜேபெக் மட்டும்தான்னா வெந்தது வெந்ததுதான், அந்த ஃப்ரேம கருப்பு வெள்ளையா மாத்தி ஆல்பத்துல சின்னதா போடுங்க, தாலி கட்டுற படத்துல மூஞ்சி நல்லா இருக்கிறத மட்டும் பெருசாக்குங்க. டிசைனருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பார்ட்டிகிட்ட ஃப்ளைட் விஷயத்த ஏர்லைன் மெயிலோட காட்டிப் பேசுங்க, அவங்க எழுதிக் குடுக்குற ஒரு லெட்டர் கமிஷன்லயும் உதவும்.