கிரேக்கர்களின் பாதாள தேவன் ஹேடீஸ் தீயவனா?

கேள்வி: கிரேக்கப் புராணங்களில் பாதாள உலகை ஆளும் ஹேடீஸ் தீய கடவுளா? நம் எமனைப் போன்றவன்தானா? படங்களில் எல்லாம் வில்லனாகவே வருகிறானே?

தீயவன் இல்லை. கிரேக்கர்கள் ஹேடீஸைக் கண்டு நடுங்கினார்கள், மனதார வெறுத்தார்கள். ஆனால் தீமைக்குத் தலைவன் என்று அவனை எண்ணவில்லை. மனிதனுக்கு ஆசை காட்டிக் கெடுப்பது, நெருப்பில் வாட்டி மகிழ்வது எல்லாம் சாத்தானின் வேலைகள். கிறிஸ்தவம் பரவிய பிறகு பாதாளம் நரகமாகிப்போனது, அதை ஆண்டுவந்த ஹேடீஸ் மீதும் சாத்தானின் சாயல் படிந்துவிட்டது. தேவர்களின் அரசன் ஜீயஸைக் கவிழ்த்துவிட்டு, அவர்கள் வாழும் ஒலிம்பஸ் மலையைப் பிடிக்க அவன் சதி செய்வதாகப் படங்கள் சொல்கின்றன. பழைய கிரேக்க இலக்கியத்தில் அப்படியொரு கதையே கிடையாது.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வில்லன் ஹேடீஸ் பலருக்கு அலுத்துப்போய், இப்போது இணையமெங்கும் காதலன் ஹேடீஸ் உலவுகிறான். யாரும் புரிந்துகொள்ளாத நல்லவன், மனைவியை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவன். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. காரணத்தை அந்த மனைவி பெர்செபோனியின் கதைக்கு வரும்போது சொல்கிறேன்.

ஹேடீஸ் பாதாளத்துக்குப் போனது தண்டனையாக அல்ல. தந்தை குரோனோஸ் தன் பிள்ளைகளைப் பிறந்த கையோடு விழுங்கி வந்தான். அப்படி விழுங்கப்பட்டவர்களில் ஹேடீஸும் ஒருவன். கடைசிப் பிள்ளை ஜீயஸ் மட்டும் தப்பி வளர்ந்து, உடன்பிறந்தவர்களை மீட்டு, முந்தைய தலைமுறைத் தேவர்களான டைட்டன்களைப் போரில் வென்றான். அதன்பின் சகோதரர்கள் மூவரும் சீட்டுப் போட்டு உலகைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஹோமரின் காவியமான இலியட்டின் 15ஆம் பகுதியில் பொசைடன் இதைத் தன் வாயாலேயே சொல்கிறான்: எனக்குக் கடல் விழுந்தது, ஹேடீஸுக்கு இருள் விழுந்தது, ஜீயஸுக்கு வானம் விழுந்தது, மண்ணும் ஒலிம்பஸும் எல்லோருக்கும் பொது. இந்தப் பங்கீட்டில் தனக்கு அநியாயம் நடந்துவிட்டதாக ஹேடீஸ் முறையிட்டதாகக் கதை இல்லை. ஜீயஸோடு சண்டைக்கு நிற்கிறவன், நானும் சமமானவன்தான் என்று அங்கே முறைக்கிறவன், பொசைடன்தான்.

எமனோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். எமன் உயிரைக் கவர நேரில் வருவான், பாவ புண்ணியக் கணக்கையும் பார்ப்பான். ஹேடீஸ் இரண்டும் செய்வதில்லை. உயிரைப் பறிப்பது சாவின் தேவன் தனடோஸ். வழிகாட்டி அழைத்துச் செல்வது தேவர்களின் தூதன் ஹெர்மெஸ். ஆற்றைக் கடத்தி விடுவது ஓடக்காரன் கேரோன். தீர்ப்புச் சொல்ல மினோஸ், ராதமந்திஸ், ஏயகஸ் என்று மூவர் இருப்பதாகப் பிளேட்டோ எழுதுகிறார். ஹேடீஸுக்கு மிஞ்சுவது ஒரே வேலை: வந்தவர்களைத் திரும்ப விடாமல் இருப்பது. வாசலில் கிடக்கும் கெர்பெரோஸ் என்ற நாயும் அப்படித்தான். உள்ளே வருகிறவர்களிடம் வாலையும் காதுகளையும் ஆட்டிக் குழையும், வெளியே போகப் பார்க்கிறவர்களைப் பிடித்துத் தின்னும் என்று பழங்கவிஞர் ஹெசியட் பாடுகிறார். அவர் கணக்கில் அதற்கு 50 தலைகள். மூன்று தலை என்ற வழக்கு பின்னால் நிலைத்தது.

கிரேக்கர்களின் வெறுப்புக்கு வேர் இந்த விடாப்பிடிதான். இலியட்டின் 9ஆம் பகுதியில், கோபித்துக்கொண்டு போருக்கு வராமல் இருக்கும் மாவீரன் அக்கிலீஸைச் சமாதானப்படுத்தக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் பரிசுகளை அடுக்குகிறான். ஏழு முக்காலிகள், பத்துத் தாலந்து தங்கம், இருபது கொப்பரைகள், பன்னிரண்டு குதிரைகள் என்று பட்டியல் நீள்கிறது. கடைசியில், அவன் இறங்கி வரட்டும், ஹேடீஸ்தான் எதற்கும் இளகமாட்டான், அதனால்தான் தேவர்களிலேயே மனிதர்கள் மிக வெறுப்பது அவனை என்கிறான். மற்றத் தேவர்களிடம் பேரம் பேசலாம். மாடு வெட்டிப் பலி கொடுத்தால் பொசைடன் கடலை அடக்கலாம், அப்பல்லோ கொள்ளைநோயை நிறுத்தலாம். இவனிடம் எதைக் கொடுத்து எதைக் கேட்பது?

அதே 9ஆம் பகுதியில் என்னை உலுக்கிய இடம் ஒன்று உண்டு. அல்தையா என்ற தாய், தன் சகோதரனைக் கொன்ற சொந்த மகன் மெலியாகருக்குச் சாவு கேட்டு வேண்டுகிறாள். முழந்தாளிட்டு, மார்பெல்லாம் கண்ணீரில் நனைய, இரு கைகளாலும் தரையை அடித்து அடித்து ஹேடீஸையும் பெர்செபோனியையும் கூப்பிடுகிறாள். வானத்தை நோக்கிக் கையுயர்த்த வழியில்லை. அவள் கூப்பிடுகிறவன் மண்ணுக்குக் கீழே இருக்கிறான். ஹேடீஸை வணங்குவது என்றால் எப்படி இருந்திருக்கும் என்று இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வுக் கட்டுரையும் எனக்குக் காட்டியதில்லை.

கோயில்களும் அவனுக்கு அரிது. தெற்கு கிரேக்கத்தின் எலிஸ் நகரில் ஒன்று இருந்ததாக இரண்டாம் நூற்றாண்டுப் பயணி பௌசனியாஸ் எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறைதான் திறப்பார்கள், அப்போதும் பூசாரி மட்டுமே உள்ளே போகலாம். தனக்குத் தெரிந்து ஹேடீஸை வழிபடுகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே என்கிறார் அவர். செல்வத்தைத் தருகிறவன் என்ற பொருளில் புளூட்டோ என்று அழைத்தபோது அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக மரியாதை கிடைத்தது. விதையும் உலோகமும் மண்ணுக்குள்ளிருந்துதானே வருகின்றன. துருக்கியின் பாமுக்கலே அருகே, பழைய ஹியராபோலிஸ் நகரில், புளூட்டோவின் வாசல் என்று கருதப்பட்ட குகை இருக்கிறது. உள்ளே ஓட்டிய காளைகள் சுருண்டு விழுந்து செத்ததையும், தான் விட்டுப் பார்த்த குருவிகள் அப்போதே உயிரைவிட்டதையும் பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதிவைத்தார். இத்தாலியத் தொல்லியலாளர் பிரான்செஸ்கோ தாந்திரியாவின் குழு 2013இல் அந்த இடத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. பூமிப் பிளவிலிருந்து கசியும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, அதனால் தரையோடு தேங்குகிறது. தலை தாழ்ந்த விலங்கு அதைச் சுவாசித்துச் சாகும், நிமிர்ந்து நிற்கும் பூசாரி பிழைத்துக்கொள்வார்.

சரி, அந்த உலகம் எப்படிப்பட்டது? தந்தலஸ், சிசிபஸ் போன்றவர்கள் படும் வேதனைகளை வைத்து அதைச் சித்திரவதைக் கூடமாக நினைத்துவிடுகிறோம். அவர்கள் தேவர்களையே பகைத்துக்கொண்ட சிலர். மற்ற எல்லோரும், நல்லவர் கெட்டவர் என்ற பேதமில்லாமல், நிழலாக அலைகிறார்கள். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் 11ஆம் பகுதியில் அதன் நாயகன் ஒடிசியஸ் தன் தாயின் நிழலைப் பார்க்கிறான். மூன்று முறை கட்டிப்பிடிக்கப் போகிறான், மூன்று முறையும் அவள் கைக்குள்ளிருந்து நழுவிப் போகிறாள். அக்கிலீஸைப் பார்த்து, இங்கேயும் நீ அரசனாகத்தானே இருக்கிறாய் என்று ஆறுதல் சொன்னால், இறந்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட மேலே நிலமற்ற ஏழையிடம் கூலியாளாக இருப்பேன் என்கிறான் அந்த மாவீரன். இந்த வெறுமைதான் கிரேக்கர்களை அச்சுறுத்தியது.

இனி பெர்செபோனி.

பெர்செபோனியின் தாய், விளைச்சலின் தேவி டிமீட்டர். டிமீட்டருக்கான ஹோமரியப் பாடல் என்று ஒரு பழம்பாடல் இருக்கிறது, 495 அடிகள். நெடுங்காலம் கண்ணுக்குப் படாமல் கிடந்து, 1777இல் மாஸ்கோவில் ஒரு கையெழுத்துப் பிரதியில் அகப்பட்டது. என் மகள் திருமணமாகி வெளிநாடு போன ஆண்டில்தான் அதை முழுமையாகப் படித்தேன். அதற்குமுன் நான் அறிந்திருந்ததெல்லாம் குளிர்காலம் ஏன் வருகிறது என்று சொல்லும் சிறுவர் கதை மட்டுமே. பாடலில் நடப்பது வேறு. தோழிகளோடு பூப்பறிக்கும் பெர்செபோனிக்கு முன்னால் நூறு பூக்கள் விரிந்த நார்சிஸஸ் செடி முளைக்கிறது. அது கண்ணி. ஜீயஸின் விருப்பப்படி பூமியே அதை முளைக்க வைத்தது. அவள் இரு கைகளையும் நீட்டும்போது நிலம் பிளந்து ஹேடீஸின் தேர் வெளியே வருகிறது. அவள் அலறுகிறாள், தந்தை ஜீயஸையே உதவிக்கு அழைக்கிறாள். அவனோ எங்கோ தன் கோயிலில் காணிக்கை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெண்ணைக் கொடுத்ததே அவன்தான்! தாயிடமும் கேட்கவில்லை, மகளிடமும் கேட்கவில்லை.

டிமீட்டர் ஒன்பது நாட்கள் தீப்பந்தங்களோடு உண்ணாமல், குளிக்காமல் தேடுகிறாள். உண்மையைச் சொல்லும் சூரியன் ஹீலியோஸ், ஹேடீஸ் ஒன்றும் தகுதியில்லாத மருமகன் இல்லை, உன் உடன்பிறந்தவன், பங்கீட்டில் மூன்றில் ஒரு பங்கு பெற்றவன், அழுகையை நிறுத்து என்று புத்தி சொல்கிறான். எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார்கள் கேட்டிருக்கும் பேச்சு இது! டிமீட்டர் கேட்கவில்லை. விதை முளைக்கவிடாமல் செய்கிறாள். மனிதகுலம் பட்டினியால் அழியும், தேவர்களுக்குப் பலியும் நின்றுபோகும் என்ற நிலை வந்த பிறகே ஜீயஸ் இறங்கி வந்து ஹெர்மெஸை அனுப்புகிறான்.

ஹேடீஸ் இங்கே செய்வதைக் கவனியுங்கள். புருவத்தால் புன்னகைத்து, ஜீயஸின் கட்டளையை மறுக்காமல், தாயிடம் போய் வா என்று அவளிடம் கனிவாகவே பேசுகிறான். நான் உனக்குத் தகாத கணவன் அல்ல, இங்கே நீ எல்லாவற்றுக்கும் அரசியாக இருப்பாய் என்கிறான். அவள் மகிழ்ந்து துள்ளி எழும்போது, ஒரு மாதுளை விதையை ரகசியமாகத் தின்னக் கொடுத்துவிடுகிறான். அதன் விளைவாக, ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு காலம் அவள் கீழே இருந்தாக வேண்டும். பிறகு தாயிடம் பெர்செபோனியே சொல்கிறாள்: என் விருப்பமில்லாமல், வலுக்கட்டாயமாக என்னைச் சுவைக்க வைத்தான். காதல் கதை எழுதுகிறவர்கள் அவள் தெரிந்தே, ஆசைப்பட்டு விதையைத் தின்றாள் என்று மாற்றுகிறார்களே, அந்தப் பெண்ணின் வாக்குமூலம் அப்படியே நம் கையில் இருக்கிறது. அதை அழித்துவிட்டு எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஓவியர்களுக்கும் இது தெரிந்திருந்தது. வட கிரேக்கத்தின் வெர்ஜினாவில் 1977இல் மனோலிஸ் ஆந்த்ரோனிகோஸ் தோண்டியெடுத்த கல்லறைகளில் ஒன்றின் சுவரில், கிறிஸ்துவுக்கு முந்தைய நான்காம் நூற்றாண்டில் வரைந்த இந்தக் காட்சி இருக்கிறது. பறக்கும் தேரில், கலைந்த தலைமுடியோடு ஹேடீஸ். அவன் கை அவள் உடலை வளைத்திருக்கிறது. அவள் பின்னால் சரிந்து, இரு கைகளையும் வெளியே வீசித் தவிக்கிறாள். தரையில் ஒரு தோழி பயத்தில் குறுகிக் கிடக்கிறாள். பக்கத்துச் சுவரில் டிமீட்டர் தனியாகப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் அதோடு அவர்கள் உறவு முடிந்துவிடவும் இல்லை. தென் இத்தாலியின் லோக்ரி நகரத்துக் கிரேக்கர்கள் கிறிஸ்துவுக்கு முந்தைய ஐந்தாம் நூற்றாண்டில் செய்த சுடுமண் பலகைகளில் இருவரும் அருகருகே அரியணையில் வீற்றிருக்கிறார்கள். அவள் கையில் கோதுமைக் கதிரும் சேவலும். அங்கே அவள் கடத்தப்பட்ட சிறுமியாக இல்லை, மணப்பெண்கள் காணிக்கை செலுத்திய அரசியாக இருக்கிறாள். ஒடிசியிலும் பாதாளத்தில் நிழல்களை அனுப்புவதும் கலைப்பதும் பெர்செபோனிதான். ஹேடீஸ் முகம் காட்டுவதே இல்லை. அவளுடைய அதிகாரத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அந்த அதிகாரம் பிறகு வந்தது என்பதற்காக அவள் முதலில் அலறியதை மறக்கச் சொன்னால் மாட்டேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஹேடீஸ் நேர்மையான ஆட்சியாளன், எவருக்கும் சலுகை காட்டாதவன், அண்ணன் தம்பிகளைவிட எவ்வளவோ குறைவாகக் கெடுதல் செய்தவன். அவனும் ஜீயஸும் சேர்ந்து ஒரு பெண்ணுக்கும் அவள் தாய்க்கும் செய்தது அநீதி. பழைய கவிஞர் இரண்டையும் ஒரே பாடலுக்குள் வைத்துப் பாடியிருக்கிறார்.

நேரமிருந்தால் டிமீட்டருக்கான பாடலிலிருந்தே தொடங்குங்கள். ஒரே மாலையில் படித்துவிடலாம். அதற்குப் பிறகு ஒடிசியின் 11ஆம் பகுதி. ஹெசியட் பாதாளத்தை வருணிக்கும் அடிகளை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். வானிலிருந்து விழும் பட்டறைக்கல் பூமிக்கு வர ஒன்பது நாட்கள், அங்கிருந்து பாதாளத்தின் அடியாழமான டார்டரஸுக்குப் போக இன்னும் ஒன்பது நாட்கள் என்று அவர் அளந்து சொல்லும் இடம் அங்கேதான் வருகிறது.