மீண்டும் மேடையேறிய ஸ்பெஷல்ஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஸ்பெஷல்ஸ் குழு 2009-ல் மறுபடி சேர்ந்து சுற்றுப்பயணம் போனபோது, குழுவைத் தொடங்கியவரே அதில் இல்லையாமே? பிறகு அதை ஸ்பெஷல்ஸ் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், ஆனால் மனக்குறையோடுதான். ஜமைக்காவில் பிறந்த துள்ளலிசையான ஸ்காவை வாசித்த இந்தக் குழுவை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1977-ல் தொடங்கியதும், 1979-ல் டூ டோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நிறுவியதும் கீபோர்டு கலைஞர் ஜெர்ரி டாமர்ஸ். 1981 ஜூலையில் பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்த ‘கோஸ்ட் டவுன்’ பாட்டு அவர் எழுதியது. அந்த வெற்றியின் உச்சத்திலேயே பாடகர்கள் டெரி ஹால், நெவில் ஸ்டேபிள், கிடார் கலைஞர் லின்வல் கோல்டிங் மூவரும் விலகிப் போனார்கள்.

2009-ல் இந்த மூவரோடு ராடி பயர்ஸ் (கிடார்), ஹொரேஸ் பேன்டர் (பேஸ்), ஜான் பிராட்பரி (டிரம்ஸ்) என ஆறு பேர் திரும்பி வந்தார்கள். டிரம்ஸ், பேஸ், இரண்டு கிடார் எல்லாம் பழைய கைகளே என்பதால் மேடையில் எழுந்த சத்தம் அசல் ஸ்பெஷல்ஸ்தான். புதுப் பாட்டுக்கு வந்தபோதுதான் டாமர்ஸ் இல்லாத குறை தெரிந்தது. ‘என்கோர்’ ஆல்பம் வர 2019 ஆகிவிட்டது. அதற்குள் பழைய ஆட்களில் ஹால், கோல்டிங், பேன்டர் மூவரே மிச்சம். ஆனாலும் பிரிட்டனில் அவர்களுடைய ஆல்பம் ஒன்று முதலிடம் பிடித்தது அப்போதுதான். பழசையே பாடிக் காலம் தள்ளினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் குழுவில் ஸ்கா வாசித்துப் பார்க்கிறோம். வேகம் இருக்கிறது, துள்ளல் வரவில்லை. எங்கே தப்பு?

பதில்: பெரும்பாலும் கிடாரில். ‘ஒன்-அண்ட்-டூ-அண்ட்’ என்று எண்ணுங்கள். கார்ட் (ஒருசேர ஒலிக்கும் சில சுரங்கள்) விழ வேண்டியது ‘அண்ட்’டில் மட்டும், பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கீழிருந்து மேலே. ஆறு கம்பியையும் இழுத்தால் தடித்த கம்பிகளின் ஒலி பேஸோடு மோதிக் குழம்பிவிடும். மெல்லிய மூன்று கம்பி போதும்.

துள்ளலைத் தருவது இடது கை. கார்ட் ஒலித்த அடுத்த கணமே விரல் அழுத்தத்தைத் தளர்த்துங்கள், ஆனால் கம்பியிலிருந்து விரலை எடுக்காதீர்கள். எடுத்தால் திறந்த கம்பிகள் ரீங்கரிக்கும். அழுத்தியே வைத்திருந்தால் கார்ட் இழுபட்டு அடுத்த தட்டில் ஏறிவிடும். நமக்கு வேண்டியது ‘சக்’ என்று வெட்டுப்படும் ஒலி.

தாளத்தைச் சீராகத் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 100 தட்டில் வைத்துத் தொடங்கி, சுத்தமாக வந்த பிறகே ஐந்தைந்தாக ஏற்றுங்கள். அடுத்து, மெட்ரோனோம் அடிப்பதையே ‘அண்ட்’டாக வைத்துக்கொண்டு வாசியுங்கள். அவசரப்படும் கை உடனே அகப்பட்டுவிடும்.

இரண்டு கிடார் இருந்தால் இரண்டுமே இந்த வெட்டை வாசிக்கக் கூடாது. ஸ்பெஷல்ஸில் கோல்டிங் வெட்டிக்கொண்டிருக்க, பயர்ஸ் அதன் மேல் பங்க், ராக் அண்ட் ரோல் பாணி லீட் வாசிப்பார். பேஸ் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சுரம், கார்டின் சுரங்களுக்குள்ளேயே ஏறி இறங்கினால் போதும். டிரம்மர் பிராட்பரியின் ரிம்ஷாட்டுகளை (டிரம்மின் விளிம்பையும் தோலையும் சேர்த்து அடிப்பது) கூர்ந்து கேட்கட்டும்.

கேள்வி: இதெல்லாம் ஜமைக்கா இசையின் நகல்தானே?

பதில்: டேண்டி லிவிங்ஸ்டனின் 1967 பாட்டு ‘ருடி, எ மெசேஜ் டு யூ’வையும், ஸ்பெஷல்ஸ் அதைத் திரும்பப் பாடிய 1979 பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டிலும் டிராம்போன் வாசிப்பவர் ஒருவரே, ஜமைக்காவில் வளர்ந்த ரிகோ ரோட்ரிகஸ். மூத்த கலைஞரைத் தேடிப் பிடித்துத் தங்களோடு வாசிக்கவைத்ததை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: இனி அவர்களை மேடையில் பார்க்க வாய்ப்பு உண்டா?

பதில்: இல்லை. பிராட்பரி 2015 டிசம்பரில் காலமானார். 2022 டிசம்பர் 18-ல் ஹால் மறைந்ததோடு குழுவின் பயணமும் முடிந்துவிட்டது. கோவென்ட்ரி பக்கம் போனால் அங்குள்ள இசை அருங்காட்சியகத்தில் டூ டோன் காலத்துப் பொருட்களைப் பார்க்கலாம். முதல் சிங்கிளை டூ டோனில் வெளியிட்ட மேட்னஸ் குழு 1986-ல் பிரிந்து 1992-ல் மறுபடி சேர்ந்தது. அவர்களுடைய நிகழ்ச்சி அமைந்தால் தவறவிடாதீர்கள்.