குதிரையின் முதுகும் மறு அடகும்

கேள்வி: கோவையில் இருக்கிறோம். மகளின் சவாரி ஆசைக்காக, பந்தயத்துக்குத் தேறாது என்று விலக்கிய தரோப்ரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) குதிரையை 20 மாதங்களுக்கு முன் 1.5 லட்சத்துக்கு வாங்கினோம். மனைவியின் நகையை வைத்து எடுத்த பணம். இப்போது அதற்கு நான்கு வயது. சேணம் வைத்து வாரை இறுக்கினாலே காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் முட்கள் ஒன்றோடொன்று உரசுவது தெரிந்தது. ‘கிஸ்ஸிங் ஸ்பைன்’ என்றார் மருத்துவர். நகைக்கடன் 5.2 லட்சம் ஆகிவிட்டது, குதிரை எங்களை விழுங்கிவிடும் போலிருக்கிறது. ஆபரேஷனுக்காக இன்னொரு முறை மறு அடகு வைக்கலாமா? மச்சான் சொல்வதுபோல் ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் தள்ளிவிடலாமா?

பதில்: குதிரை விழுங்கவில்லை சார். நீங்கள் அனுப்பிய அடகு ரசீதுகளைத் தேதிப்படி அடுக்கிப் பார்த்தேன். முதலில் 1.5 லட்சம். எட்டு மாதம் கழித்து அதே நகைக்கு 2.8 லட்சம். ஆறு மாதத்தில் 4 லட்சம். இன்னொரு ஆறு மாதத்தில் 5.2 லட்சம். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் ‘இன்னும் கொஞ்சம் வாங்கிக்கலாம் சார்’ என்று போன் வருகிறது, நீங்களும் கிளம்பிவிடுகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் பழைய வட்டியைப் புதுக் கடனிலேயே கழித்துக்கொண்டிருக்கிறார்கள். வருடத்துக்கு 12 சதவீத வட்டியில் முதலில் 12,000, அப்புறம் 16,800, அப்புறம் 24,000. கிட்டத்தட்ட 53,000 ரூபாய் வட்டி, சம்பளத்திலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்டாமலே கடனுக்குள் போயிருக்கிறது.

5.2 லட்சத்தில் குதிரை விலை 1.5, வட்டி 0.53, மச்சானின் கடைக்குக் கொடுத்தது 2 லட்சம். மீதி 1.17 லட்சம். முதுகு வைத்தியத்துக்குப் போனது அவ்வளவுதான். குதிரையை விற்கச் சொல்பவர் அந்த 2 லட்சத்தை எப்போது தருவார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

மாதக் கணக்கும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கடன் 34,000, வீட்டுச் செலவும் பள்ளியும் 38,000, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது) 10,000, குதிரைக்கு 23,000. கூட்டினால் 1,05,000, அதாவது முழுச் சம்பளம். நகைக்கடன் வட்டி 5,200 அந்தப் பட்டியலிலேயே இல்லை. மறு அடகு இருக்கும்வரை அது கண்ணில் படாது.

சரி, குதிரைக்கு வருவோம். மருத்துவத்தை முடிவு செய்யவேண்டியவர் உங்கள் கால்நடை மருத்துவர். ஆனால் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள். தரோப்ரெட்களில் முள் உரசல் சகஜம், எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் எல்லாக் குதிரைக்கும் வலிப்பதில்லை. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, நடை மாறுகிறதா என்று பார்த்தார்களா? முட்களுக்கு நடுவே உள்ள தசைநாரை வெட்டினாலும் சரி, எலும்பையே கொஞ்சம் எடுத்தாலும் சரி, அப்புறம் மாதக்கணக்கில் யாரும் ஏறாமல், தலையைத் தாழ்த்தி வட்டமாக நடக்கவிட்டு முதுகுத் தசையைத் தேற்றவேண்டும். ஆபரேஷனுக்குப் பதில், வலி குறைக்கும் ஊசி மருந்தோடு அந்தப் பயிற்சியை முதலில் செய்து பார்க்கலாமா என்று கேளுங்கள். குதிரைக்கு முதுகெலும்பு வளர்ந்து முடியவே ஐந்தரை, ஆறு வயதாகும். ஒரு வருடம் சவாரி இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அந்த ஒரு வருடத்துக்குச் சவாரிப் பள்ளி லாயத்தில் மாதம் 18,000 எதற்கு? தோட்டத்தில் மேயவிட்டுப் பார்த்துக்கொள்ள 11,000 கேட்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடனே மாற்றுங்கள், 7,000 மிச்சம். குதிரை முதுகில் போர்த்தும் காந்தப் போர்வையை நோ காஸ்ட் இஎம்ஐயில் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கேரட்டைக் காட்டிக் கழுத்தை வளைக்கவைக்கும் பயிற்சியை மருத்துவர் காட்டித் தந்தால் உங்கள் மகளே தினமும் செய்வாள், கேரட் விலைதான் செலவு.

எஸ்ஐபியை நிறுத்துங்கள். 12 சதவீதக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு டிஃபென்ஸ் தீம் ஃபண்டில் (ராணுவத் தளவாட நிறுவனப் பங்குகளை வாங்கும் ஃபண்ட்) போடுவது என்ன கணக்கோ எனக்குப் புரியவில்லை. அதில் சேர்ந்திருக்கும் 2.2 லட்சத்தை எடுத்துவிடுங்கள். ஓராண்டு தாண்டிய யூனிட்டுகளில் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி கிடையாது. ஆப்பில் அந்த ஃபண்டின் மேலேயே கடன் தருவதாக விளம்பரம் வரும், தொடவேண்டாம். 1.6 லட்சத்தை நகைக்கடனில் கட்டுங்கள். 60,000 வங்கியில் தனியாகக் கிடக்கட்டும். இந்த வருடம் முதுகுக்கு அதுதான் எல்லை.

மீதிக் கடன் 3.6 லட்சம். எஸ்ஐபி 10,000, லாயத்தில் மிச்சம் 7,000, மச்சானிடமிருந்து மாதம் 5,000. ஆக 22,000 கட்டினால் 18 மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். அவர் தராவிட்டால் இரண்டு வருடம் ஆகும். நகை மனைவியுடையது, கேட்கவேண்டியது அவருடைய அண்ணனிடம். அதனால் இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.

அந்தியூர் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. எக்ஸ்ரேயைக் காட்டினால் விலை கிடைக்காது. மறைத்து விற்றால், வாங்கியவர் அடுத்த வாரமே அதன் முதுகில் பாரம் ஏற்றுவார். ஊசிச் சோதனை முடிந்ததும் மருத்துவர் சொன்னதை எழுதுங்கள், நகைக்கடனில் 1.6 லட்சம் கட்டிய ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள்.