பண்டிட் கொடுத்த இரண்டு நாள் லீவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரிக்கெட் கோச் சந்திரகாந்த் பண்டிட்டின் கண்டிப்பு பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். என் மகனுக்கு 13 வயது, கிரிக்கெட் அகாடமிக்குப் போகிறான். கேட்ச் விட்டால் கோச் எல்லார் முன்னாலும் கண்டபடி திட்டுகிறார். 'பண்டிட் அப்படித்தான் ஆறு ரஞ்சிக் கோப்பை வாங்கினார், பேசாமல் இரு' என்கிறான் என் தம்பி. அது சரியா?

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் தம்பி சொல்கிற கணக்கு சரிதான். ரஞ்சி என்பது நம் நாட்டு மாநில அணிகள் மோதும் போட்டி. அதில் கோச்சாக மும்பைக்கு மூன்று, விதர்பாவுக்கு இரண்டு, மத்தியப் பிரதேசத்துக்கு ஒன்று, ஆக ஆறு. கண்டிப்பும் உண்மை. மத்தியப் பிரதேசக் கேப்டன் ஆதித்ய ஸ்ரீவாஸ்தவா கல்யாணத்துக்கு லீவு கேட்டபோது இரண்டே நாள்தான் கொடுத்தார். அந்த இரண்டு நாளைத்தான் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிறோம், ஏனென்றால் சொல்ல எளிது.

நான் பார்ப்பது வேறு இடம். 1999 ரஞ்சி இறுதிப்போட்டி, பெங்களூரு சின்னசாமி மைதானம். பண்டிட்தான் மத்தியப் பிரதேசக் கேப்டன். முதல் இன்னிங்ஸில் கர்நாடகா 304, இவர்கள் 379. ரஞ்சி இறுதிப்போட்டி டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் முந்தியவர்களுக்குத்தான் கோப்பை, அதாவது டிரா ஆனாலே இவர்களுக்கு, கடைசி இன்னிங்ஸில் 247 அடிக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆளுக்குக் கொஞ்ச நேரம் கட்டையைப் போட்டு நின்றிருந்தால் போதும். நிற்கவில்லை. விஜய் பரத்வாஜ் சுழலில் 6 விக்கெட் எடுத்தார், 150க்கு ஆல் அவுட்.

23 வருடம் கழித்து, 2022 ஜூனில், அதே மைதானத்தில் அதே அணிக்கு அவர் கோச். எதிரே, அவர் வளர்ந்த ஊரான மும்பை. முதலில் ஆடிய மும்பை 374. அதற்குப் பதிலாக யஷ் துபே 336 பந்து ஆடி 133 எடுத்தார். நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன், உண்மையைச் சொன்னால் நடுவில் தூங்கிவிட்டேன், எழுந்து பார்த்தால் மனிதர் இன்னும் நிற்கிறார்! அப்புறம் சுபம் சர்மா ஒரு சதம், ரஜத் பட்டிதார் ஒரு சதம், மொத்தம் 536. கடைசியில் தேவைப்பட்டது வெறும் 108. 1999ல் நிற்கத் தெரியாத அணிக்கு நிற்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். ஜெயித்ததும் பண்டிட் அழுதார், பையன்கள் அவரைத் தூக்கிக்கொண்டார்கள்.

இன்னொன்று, அந்தக் கண்டிப்பு எல்லா இடத்திலும் எடுபடவில்லை. 2017ல் மும்பை அவரை விட்டதும் விதர்பாவுக்குப் போனார், அதுவரை ஒருமுறைகூட ரஞ்சி ஜெயிக்காத அணி, இவர் போன முதல் சீசனிலேயே கோப்பை. அங்கே பையன்களுக்கு இவரை விட்டால் வேறு வழி இல்லை, சொன்னதைக் கேட்டார்கள். பிறகு கோச்சாகப் போன கொல்கத்தா ஐபிஎல் அணியில் உலகம் சுற்றும் வீரர்களிடம் அது செல்லுமா? என்ன உடுத்துவது என்பது வரை சொல்கிறார் என்று வெளிநாட்டு வீரர் ஒருவர் வெளிப்படையாகவே குறைப்பட்டார். 2024ல் சேப்பாக்கத்தில் கோப்பை வந்தது என்றாலும் பேர் பெரும்பாலும் அணியின் ஆலோசகர் கம்பீருக்குப் போயிற்று (எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்), மறு வருடம் அணி கீழே இறங்கியதும் பிரிந்துவிட்டார்கள்.

இதெல்லாம் வளர்ந்த, சம்பளம் வாங்குகிற ஆட்கள் சமாச்சாரம். 13 வயதுப் பையனுக்கு இதை ஏன் அளவுகோலாக வைக்க வேண்டும்? எனக்கும் கல்லூரியில் ஒருவர் வாய்த்தார். கேட்ச் விட்டால் மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்ட். நன்றாக ஓடப் பழகினேன், கேட்ச் மட்டும் கடைசிவரை வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அகாடமியில் ஓரமாகப் போய் உட்காருங்கள். உங்கள் பையன் கேட்சை விடுவான், கோச் திட்டுவார், அது இருக்கட்டும். அதற்கப்புறம் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவனையே நிறுத்தி, கையை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டி, இன்னும் பத்து கேட்ச் அடித்துக் கொடுக்கிறாரா, இல்லை 'அடுத்தவன் வா' என்கிறாரா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.