குதிகால் வெடிப்புக்கு வீட்டிலேயே என்ன செய்யலாம்?

எவ்வளவு கிரீம் தடவினாலும் குதிகால் வெடிப்பு ஆறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். குறை கிரீமில் மட்டுமல்ல, தடவும் நேரத்திலும் முறையிலும் இருக்கலாம். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. அதனால் அங்கே தோல் எளிதில் வறண்டு தடித்துவிடும். நாள் முழுக்க நிற்கும்போது உடல் எடை அழுத்த, அந்தத் தடித்த தோல் விளிம்பில் பிளக்கிறது.

இரவு படுக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் காலை ஊறவையுங்கள். பியூமிஸ் கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரத்தை ஒற்றி எடுங்கள். தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே யூரியா கலந்த கிரீமைத் தடவி, மேலே வாசலின் பூசி, பருத்திக் காலுறை அணிந்து தூங்குங்கள். யூரியா ஈரத்தைப் பிடித்துவைத்துத் தடித்த தோலை இளக்கும். வாசலின் அந்த ஈரம் வெளியேறாமல் காக்கும். விடாமல் செய்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

பிளேடால் சீவுவதையும், வெடிப்பில் எலுமிச்சை தேய்ப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பின்பக்கம் மூடிய செருப்பு நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலை ஊறவைக்கவோ கல்லால் தேய்க்கவோ கூடாது. நேராக மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தம், சீழ், வீக்கம் இருந்தாலும் அப்படியே. விரலிடுக்கில் அரிப்பும் செதிலும் சேர்ந்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.