விண்கப்பல் அந்தரத்தில் நின்று உடைந்த கப்பலைத் தூக்க முடியுமா?

கேள்வி: அறிபுனை நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வளிமண்டலம் உள்ள கோள் ஒன்றில் ஒரு கப்பல் விழுந்து உடைந்து கிடக்கிறது. இன்னொரு விண்கப்பல் அதற்கு நேர் மேலே அசையாமல் நின்று, கட்டித் தூக்கி, சுற்றுப்பாதைக்கு இழுத்துச் செல்கிறது. மீட்புக் கப்பலின் நீளம் 300 மீட்டர், அகலம் 100, உயரம் 50, எடை 1 லட்சம் டன். உடைந்த கப்பல் 20,000 டன். விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்காத மாதிரி இதை எழுத வழி இருக்கிறதா?

பதில்: தூக்கிக்கொண்டு போவதைத் தைரியமாக எழுதுங்கள். மேலே அசையாமல் நிற்கும் காட்சியைத்தான் முடிந்தவரை சுருக்க வேண்டும். பளு தூக்குவதுதானே பெரிய வேலை, சும்மா நிற்பதற்கு என்ன செலவாகிவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் தலைகீழாக வருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விண்வெளியில் எல்லாம் மிதக்கிறது, எனவே கோளுக்குச் சற்று மேலேயும் கப்பல் மிதக்கும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் இருக்கும் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் 89 சதவீதம். நிலையம் விழாமல் இருப்பதற்குக் காரணம், அது மணிக்கு ஏறத்தாழ 27,600 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருப்பதுதான். அதை அங்கேயே நிறுத்தினால் நேராகக் கீழே வந்துவிடும். ஆகவே உங்கள் கப்பல் 2 கிலோமீட்டர் உயரத்தில் நின்றாலும் 400 கிலோமீட்டர் உயரத்தில் நின்றாலும், அதன் எடையை ஏதோ ஒன்று ஒவ்வொரு விநாடியும் தாங்கியாக வேண்டும்.

தாங்குவதற்கு ராக்கெட்டுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: எதையாவது கீழே வேகமாகத் தள்ளுவது. இன்றைய ரசாயன ராக்கெட்டில் வாயு விநாடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. அந்த வேகத்தில் 1 லட்சம் டன்னைத் தாங்க, விநாடிக்கு ஏறத்தாழ 330 டன் எரிபொருள் எரிய வேண்டும். ஐந்தே நிமிடத்தில் கப்பலின் எடை அளவுக்கு எரிபொருள் காலி. அந்தப் பீய்ச்சலின் திறன் 1.5 டெராவாட், அதாவது 1,500 ஜிகாவாட். உலகம் முழுவதும் சராசரியாகப் பயன்படுத்தும் மின்சாரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

எதிர்காலக் கப்பலுக்கு நல்ல எஞ்சின் இருக்குமே என்பீர்கள். இங்கேதான் சிக்கல். வெளியேறும் வேகத்தைப் பத்து மடங்காக்கி விநாடிக்கு 30 கிலோமீட்டர் என்று வையுங்கள். எரிபொருள் விநாடிக்கு 33 டன்னாகக் குறைந்துவிடும், சந்தோஷம். ஆனால் தேவைப்படும் திறன் 15 டெராவாட்டாக ஏறிவிடும். இதன் எல்லைக்கே போய், ஒளியை மட்டும் கீழே பீய்ச்சி நிற்கும் கப்பலை எடுத்துக்கொண்டால், பூமியின் மீது விழும் மொத்தச் சூரிய ஒளியைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகமான திறன் வேண்டும். கீழே இருக்கிற உடைந்த கப்பலோடு அந்த வட்டாரமே ஆவியாகிவிடும். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் போக எந்த எஞ்சின் சிறந்ததோ, அது அந்தரத்தில் நிற்பதற்கு மிக மோசமான எஞ்சின். மீட்புக் கப்பலுக்கு இரண்டு வகை எஞ்சின் கொடுப்பது நல்லது.

இப்போது தூக்கும் செலவைப் பாருங்கள். 20,000 டன் உடைசலைப் பூமியின் தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதையில் சேர்க்க, அதற்குக் கொடுக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 180 ஜிகாவாட்-மணி. முன்பு சொன்ன ரசாயனக் கப்பல், சுமை எதுவும் இல்லாமல் ஏழரை நிமிடம் சும்மா நின்றாலே அதே அளவு ஆற்றலை வாயுவாக ஊதித் தள்ளியிருக்கும். தண்ணீர்க் குடத்தை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு நிற்பது போலத்தான் இது. குடம் ஒரு அங்குலம்கூட உயராது, தோள் மட்டும் கழன்றுவிடும். கேப்டனும் பொறியாளரும் சேர்ந்து அரை மணி நேரம் வாக்குவாதம் செய்யும் காட்சி வைத்திருந்தால், தயவுசெய்து கப்பலை எங்காவது இறக்கிவிட்டு வாதிடச் சொல்லுங்கள்.

வளிமண்டலம் இருப்பதை ஒரு வரமாகவும் மாற்றலாம். எரிபொருளைத் தள்ளுவதற்குப் பதில் காற்றையே உறிஞ்சிக் கீழே தள்ளினால், அதாவது ஹெலிகாப்டர் செய்வதைச் செய்தால், செலவு அடியோடு குறைகிறது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் வாயுவை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். கப்பலின் 300க்கு 100 மீட்டர் அடிப்பரப்பு முழுவதும் காற்று இறங்குகிறது என்று வைத்தால், பூமியில் தேவைப்படுவது சுமார் 115 ஜிகாவாட். 2024 மே மாதம் இந்தியாவின் உச்ச மின்தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. அதில் பாதிகூட இல்லை. நாவலில் வரும் அணுப்பிணைவு உலைக்கு இது நம்பக்கூடிய எண்தான். ஆனால் அடியில் இறங்கும் காற்றின் வேகம் மணிக்கு 840 கிலோமீட்டர். மிகக் கடுமையான ஐந்தாம் வகைப் புயல் தொடங்குவதே 252 கிலோமீட்டரில். கீழே நின்று கொக்கி மாட்டும் ஆளைப் பற்றி எழுதும் முன் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கோளை மாற்றினால் கதையே மாறிவிடும். என் ஓட்டு டைட்டனுக்கு. சனியின் அந்த நிலவில் ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒரு பங்கு, காற்றோ நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தி. அதே கப்பல் அங்கே நிற்க 2.8 ஜிகாவாட் போதும், 1000 மெகாவாட் அணு உலைகள் மூன்று. கீழிறங்கும் காற்றும் மணிக்கு 150 கிலோமீட்டர்தான். நாசா அங்கே டிராகன்ஃபிளை என்ற எட்டு சுழலி ஊர்தியைப் பறக்கவிடத் திட்டமிட்டிருப்பது இதே காரணத்தால்தான்.

செவ்வாய் ஏமாற்றும். ஈர்ப்பு குறைவு என்று நினைத்துப் போனால் காற்று மிக மெலிது. தள்ள வேண்டிய வேகம் அங்கே ஒலியின் வேகத்தையே தாண்டிவிடுவதால் இந்த வழி எடுபடாது, ராக்கெட்தான் கதி. வியாழனில் தரை என்று ஒன்று கிடையாது. விழுந்தது இறங்கிக்கொண்டே இருக்கும்; 1995 டிசம்பரில் கலிலியோ விண்கலத்திலிருந்து உள்ளே இறங்கிய ஆய்வுக்கலம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் தாக்குப்பிடித்தது. உடைந்த கப்பல் காத்திருக்காது.

வெள்ளியைச் சும்மா விட மனமில்லை. அங்கே தரைமட்டக் காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ. உங்கள் கப்பலை ஒரு பெட்டியாக எடுத்துக்கொண்டால் அது 15 லட்சம் கன மீட்டர். அது இடம்பெயர்க்கும் காற்றின் எடை 97,500 டன். உங்கள் கப்பலோ 1 லட்சம் டன்! எஞ்சினை ஏறக்குறைய அணைத்துவிட்டே அது மிதக்கும். (பூமியில் இதே கணக்கு 1,800 டன் மட்டுமே தரும்.) விலை என்னவென்றால், வெளியே பூமியைப் போல 92 மடங்கு காற்றழுத்தம், 460 டிகிரி வெப்பம். 1982இல் இறங்கிய வெனேரா 13 என்ற சோவியத் ஆய்வுக்கலம் அந்தச் சூளையில் 127 நிமிடம் வேலை செய்தது. பிளந்து கிடக்கும் கப்பலுக்குள் காற்று புகுந்துவிடுவதால் அதற்கு இந்த மிதப்பு கிடைக்காது. மேலே ஏற ஏற மீட்புக் கப்பலும் தன் மிதப்பை இழந்துகொண்டே போகும். ஆனாலும் வடம் கட்டும் அத்தியாயம் முழுவதையும் நிதானமாக எழுத இடம் கிடைக்கிறது.

சரி, கட்டுவது எப்படி? பெரிய தொல்லை, மேலே நிற்பவரின் பீய்ச்சல் கீழே இருப்பதன் தலையில் விழுவது. 2012இல் கியூரியாசிட்டி ஊர்தியைச் செவ்வாயில் இறக்கியபோது, எட்டு எஞ்சின் கொண்ட ஓர் இறங்குமேடை மேலே இருந்தபடி, ஏறத்தாழ 900 கிலோ ஊர்தியை ஏழரை மீட்டர் நைலான் கயிறுகளில் தொங்கவிட்டு இறக்கியது. எஞ்சின்கள் நேராக இல்லாமல் வெளிப்பக்கம் சாய்த்துப் பொருத்தப்பட்டிருந்தன. சக்கரம் தரை தொட்டதும் கயிறு அறுக்கப்பட்டது, மேடை தள்ளிப்போய் விழுந்தது. அந்தரத்தில் தொங்கும் சுமை என்ற உங்கள் காட்சி வேறொரு கோளில் உண்மையாகவே நடந்தது அங்கேதான். சாய்வுக்கு ஒரு விலை உண்டு: 30 டிகிரி சாய்த்தால் உந்துவிசை 15 சதவீதம் கூடுதலாக வேண்டும்.

நம் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. 2024 மே மாதம் கேதார்நாத்தில் பழுதாகி அவசரமாக இறங்கிய ஒரு சிறு ஹெலிகாப்டரை, ஆகஸ்ட் 31 அன்று விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் கயிற்றில் கட்டித் தூக்கிச் சென்றது. கொஞ்ச தூரத்திலேயே சுமையின் எடையாலும் காற்றாலும் எம்ஐ-17 நிலைகுலையத் தொடங்க, விமானி தாரு முகாம் அருகே சுமையை அப்படியே கீழே விட்டுவிட்டார். யாருக்கும் காயமில்லை. எடை தாங்கியதா என்பது ஒரு கேள்வி. ஆட்டம் அடங்கியதா என்பது வேறு கேள்வி. 500 மீட்டர் வடத்தில் தொங்கும் சுமை ஒரு முறை ஆடி முடிக்கப் பூமியில் 45 விநாடி ஆகும், டைட்டனில் 2 நிமிடம். ஆட்டத்தின் தாளம் புரியாமல் கப்பலை நகர்த்தினால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். அப்போது வடத்தை விடுவிக்கும் பொத்தான் யார் கையில் இருக்கிறது? உங்கள் நாவலுக்கு இது ஒரு நல்ல கேள்வி.

வடம் அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. நல்ல எஃகில், நான்கு மடங்கு பாதுகாப்பு வைத்தால், 20,000 டன்னுக்கு மொத்தம் 70 சென்டிமீட்டர் தடிமன் போதும். 500 மீட்டருக்கு 1,500 டன் எடை. பல வடங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பிரிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் உடைந்த கப்பல் ஓரிடத்தில் பிடித்துத் தூக்குவதைத் தாங்காது. மூழ்கிப்போன ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கியை 2001 அக்டோபரில் கடலடியிலிருந்து எடுத்தபோது 26 இடங்களில் பிடித்துத் தூக்கினார்கள். வெடித்துச் சிதைந்திருந்த முன்பகுதியை முன்னாடியே அறுத்து விட்டுவிட்டார்கள். 1974இல் பசிபிக் கடலடியிலிருந்து அமெரிக்கர்கள் ரகசியமாகத் தூக்கிய சோவியத் நீர்மூழ்கி, பாதி வழியில் பிய்ந்து ஒரு பகுதி மறுபடி ஆழத்துக்கே போய்விட்டது. அறிபுனைக்காரர்களும் இதை அறியாதவர்கள் அல்ல. 1967இல் வந்த ஸ்டார் ட்ரெக் அத்தியாயம் ஒன்றில், பூமியின் வளிமண்டலத்துக்குள் மாட்டிக்கொண்ட என்டர்பிரைஸ் விண்கப்பல் ஒரு போர் விமானத்தை இழுவைக் கதிரால் (தூரத்திலிருந்தே பொருளைப் பிடித்து இழுக்கும் கற்பனைக் கதிர்) பிடிக்க, விமானம் நொறுங்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த விவரம் அது. இழுவைக் கதிர் வைக்கிறீர்கள் என்றால் இரண்டு விஷயத்தை விட்டுவிடாதீர்கள்: கதிர் உடைசலை மேலே இழுக்கும்போது உங்கள் கப்பலை அதே விசையுடன் கீழே இழுக்கும், கதிர் படும் இடத்தை மட்டும் இழுத்தால் அந்த இடம் மட்டும் கையோடு வந்துவிடும். ஈர்ப்பை ரத்து செய்யும் கருவி என்று ஒன்றைக் கற்பனை செய்தால் மேலே சொன்ன திறன் கணக்கு மறைந்துவிடும், ஆட்டமும் பிளவும் மறையாது.

நான் எழுதினால் முதலில் கை வைப்பது எடையில். 20,000 டன்னைத் தூக்க 1 லட்சம் டன் கப்பல் எதற்கு? (பூஜ்ஜியங்கள் விஷயத்தில் நாவலாசிரியர்கள் கொஞ்சம் தாராளம்தான்.) தலைக்கு 5,000 டன்னில் மூன்று இழுவைக் கப்பல்களை அனுப்புங்கள். மொத்தம் தாங்க வேண்டியது 35,000 டன், முன்னதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. மூன்றும் விலகி நிற்பதால் வடங்கள் சாய்வாக இறங்கும், பீய்ச்சல் உடைசலின் மேல் விழாது. கொக்கி மாட்டி முடியும்வரை மூன்றும் தரையில் இருக்கட்டும். கடல் இருந்தால் இன்னும் வசதி; உங்கள் பழைய 1 லட்சம் டன் கப்பலே அந்த உருவத்தில் மூன்றேகால் மீட்டர்தான் நீரில் அமிழும்.

கிளம்பிய பிறகு ஒரு நெருக்கடி காத்திருக்கிறது. ஏறும் வேகம் விநாடிக்கு 100 மீட்டர் என்றால், தரைக்கு அருகே உடைசலின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் காற்று 600 கிலோ விசையில் அடிக்கும். 300 மீட்டர் என்றால் ஐந்தரை டன். பிளந்த தகடுகள் பிய்ந்து பறக்க அது போதும். மெதுவாகப் போனால் 20 கிலோமீட்டர் ஏற 200 விநாடி, வேகமாகப் போனால் 67. விநாடிக்கு 30 கிலோமீட்டர் பீய்ச்சல் உள்ள எஞ்சினில் எடையைத் தாங்க மட்டும் முதல் வழியில் 2,300 டன் எரிபொருள், இரண்டாவதில் 760. 20 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் பதினான்கில் ஒரு பங்குதான். அங்கே மூக்கைச் சாய்த்துப் பக்கவாட்டில் வேகம் எடுக்க ஆரம்பிக்கலாம்.