மயக்க டாக்டரும் வலி ஆராய்ச்சியும்

கே: மயக்க மருந்து டாக்டருக்கு ஆபரேஷனோட வேலை முடிஞ்சிடுமே, வலி ஆராய்ச்சிக்கு எப்படி வந்தாங்க?

ப: முடியாதுங்க! ஜான் பொனிகான்னு ஒருத்தர், 1917ல இத்தாலில பொறந்து அமெரிக்கா போனவர், டாக்டருக்குப் படிக்கறதுக்காக மல்யுத்தம் பண்ணாரு, அப்புறம் ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ராணுவ ஆஸ்பத்திரில மயக்க டாக்டர். அங்க கை காலை எடுத்த பிறகும் இல்லாத கால் வலிக்குதுன்னு துடிச்ச சிப்பாய்ங்களைப் பார்த்தாரு, படிச்ச பாடத்துல அதுக்குப் பதிலே இல்ல. பல துறை டாக்டருங்களையும் மதிய சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சு கேஸ் பேசினாரு, வலிக்குன்னே வைத்தியம் பாக்கற பெயின் கிளினிக்குக்கு விதை அதுதான்னு சொல்லுவேன். 1953ல வலி சிகிச்சைக்குன்னே பெரிய புத்தகம், 1973ல சர்வதேச வலி ஆராய்ச்சி சங்கம். பிரசவத்துல மனைவிக்கு ஈதர்ங்கற மயக்க மருந்து கொடுத்து உயிர் போகப் பார்த்துச்சு, அதனாலயே முதுகுல ஊசி போட்டு பிரசவ வலியை மட்டும் குறைக்கற எபிடியூரலுக்காக அவ்வளவு பாடுபட்டாரு. அவருக்கே மல்யுத்தத்துல பட்ட அடியால தீராத வலி, அதோடதான் இத்தனையும் செஞ்சாரு.